கட்டளையை அனுப்பியவர் யார்?

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் தொடங்கியது. பக்கத்துப் பாடியில் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா என்று பெரிய ஆலைகள். பேட்டைக்குள் பிரெஸ் பாகமும் ரப்பர் சீலும் திருகாணியும் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள். அதே பேட்டையில் இப்போது என்டிடி, டிஜிட்டல் கனெக்சியன் போன்ற நிறுவனங்களின் தரவு மையங்களும் ஓடுகின்றன. ஆவடியைத் தாண்டினால் பட்டாபிராமில் 2024 நவம்பரில் திறந்த 21 மாடி டைடல் பூங்கா. தரவு மையத்தில் இருக்கும் சர்வர்களை இரவு பகலாகப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. பட்டறையின் கணக்கு அறை மூலையில், யுபிஎஸ் பக்கத்தில் ஓடும் ஒற்றை சர்வருக்கு அப்படி யாரும் இல்லை. இரண்டிலும் இருக்கும் தரவுத்தள மென்பொருள் ஏறத்தாழ ஒன்றுதான். தனக்குள் என்ன நடக்கிறது என்று அது சொல்லத் தயாராக இருப்பதும் இரண்டு இடத்திலும்தான். பட்டறையில் அதைக் கேட்பார் இல்லை.

மாலை ஆறு மணி. கேட்டில் லாரி நிற்கிறது. பில் அடித்தால்தான் வண்டி கிளம்பும். பில்லிங் திரை அசையவில்லை. ஸ்டோர்ஸிலும் "ஹேங்" என்கிறார்கள். சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவருக்குப் போன் போகிறது. "சர்வரை ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்" என்று பதில் வருகிறது. ரீஸ்டார்ட் செய்ததும் எல்லாம் ஓடுகிறது, லாரியும் கிளம்புகிறது. ஆனால் அந்தப் பத்து நிமிடம் சர்வரின் நினைவகத்தில் முழுச் சாட்சியமும் இருந்தது: எந்தக் கணினியிலிருந்து வந்த எந்தக் கட்டளை எந்த அட்டவணையின் எந்த வரிசையைப் பூட்டிப் பிடித்திருந்தது, யார் யாருக்காகக் காத்துக்கிடந்தார்கள் என்பதெல்லாம். ரீஸ்டார்ட் அதைத் துடைத்துவிட்டது. மாதக் கடைசியில் அதே கோளாறு திரும்பி வரும்.

தரவுத்தள சர்வருக்கு வரும் கட்டளைகளைக் கோளாறு கண்டுபிடிப்பதற்காகக் கண்காணிக்கும் வழிகள் கடந்த முப்பது ஆண்டுகளில் நிறையவே உருவாகியிருக்கின்றன. அவை எதைக் காட்டுகின்றன, எதை மறைக்கின்றன, என்ன விலை கேட்கின்றன என்று வரிசையாகப் பார்க்கலாம். என் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன். எல்லாக் கட்டளையையும் ஒட்டுக்கேட்பது பெரும்பாலும் தேவையில்லை. சில நேரம் ஆபத்தும்கூட. எந்தக் கட்டளை மெதுவாக ஓடியது என்ற கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் பாதி வழக்குகளில் தப்பான ஆளைப் பிடிப்போம். அனுப்பியது யார், எதற்காகக் காத்திருந்தது என்ற இரண்டு கேள்விக்கும் சேர்த்து விடை தரும் அமைப்புதான் உதவும். அதைக் கோளாறு வருவதற்கு முன்பே போட்டு வைத்திருக்க வேண்டும்.

இந்த நிமிடம் ஓடுவது

எல்லாத் தரவுத்தளங்களிலும் இருக்கும் முதல் வசதி, இப்போது யார் இணைந்திருக்கிறார்கள், என்ன ஓடுகிறது என்று காட்டும் பட்டியல். மைஎஸ்கியூஎல்லில் "ஷோ பிராசஸ்லிஸ்ட்". போஸ்ட்கிரெஸில் "பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி" என்ற பார்வை. எஸ்கியூஎல் சர்வரில் பழைய "எஸ்பி ஹூ". இப்போது ஆடம் மக்கானிக் எழுதி இலவசமாகக் கொடுத்த "எஸ்பி ஹூஇஸ்ஆக்டிவ்" பலரின் கையில் இருக்கிறது. செலவு ஏதுமில்லை, எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். கேட்டில் லாரி நிற்கும்போது ரீஸ்டார்ட் பட்டனைத் தொடும் முன் இந்தப் பட்டியலைத் திறந்து கைபேசியில் ஒரு படம் எடுத்தாலே விசாரணையின் பாதி முடிந்துவிடும். பட்டறைகளில் பழக்கப்படுத்த வேண்டிய முதல் காரியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

குறை வெளிப்படையானது. பார்க்கும் கணத்தில் இருப்பதுதான் தெரியும். பத்து விநாடிக்கு முன் வந்து போனது தெரியாது.

எல்லாவற்றையும் எழுதி வைத்தால்?

அடுத்து எவருக்கும் தோன்றும் யோசனை, வரும் கட்டளை அனைத்தையும் பதிவு செய்வது. மைஎஸ்கியூஎல்லின் பொதுப் பதிவு, போஸ்ட்கிரெஸில் எல்லா வாக்கியத்தையும் எழுதச் சொல்லும் அமைப்பு, எஸ்கியூஎல் சர்வரின் புரொஃபைலர், ரெடிஸின் "மானிட்டர்" கட்டளை எல்லாம் இந்த இனம். மைஎஸ்கியூஎல் பொதுப் பதிவு இயல்பாகவே அணைந்திருக்கும்; அணைத்து வைத்ததற்குக் காரணம் உண்டு.

அந்தப் பொதுப் பதிவில் ஒரு நுணுக்கம். கட்டளை வந்து சேர்ந்த வரிசையில் எழுதப்படும், ஓடி முடிந்த வரிசையில் அல்ல. எவ்வளவு நேரம் ஓடியது என்பது அதில் இருக்காது. மெதுவானதைத் தேடுபவருக்கு அதனால் பயன் குறைவு. ஆனால் சர்வரே விழுந்துவிட்டால், விழுவதற்கு முன் கடைசியாக வந்தது எது என்று சொல்லும் ஒரே சாட்சி அதுவாக இருக்கலாம். கிளையன்ட் நிரல் "நான் இதைத்தான் அனுப்பினேன்" என்று சாதிக்கும்போது, உண்மையில் என்ன வந்தது என்று காட்டவும் இது உதவும்.

விலையை மிகத் தெளிவாகக் காட்டுவது ரெடிஸ். சால்வதோரே சான்ஃபிலிப்போ 2009-இல் வெளியிட்ட இந்த நினைவகத் தரவுத்தளம் கட்டளைகளை ஒற்றை இழையில் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றுகிறது. "மானிட்டர்" போட்டவுடன், வரும் ஒவ்வொரு கட்டளையையும் நிறைவேற்றுவதோடு அதன் வரி வடிவத்தைப் பார்வையாளருக்கும் அது அனுப்ப வேண்டும். ஒரே ஆள் உட்கார்ந்திருக்கும் மின்கட்டண கவுண்டரில், ஒவ்வொரு ரசீதையும் உரக்கப் படித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்றால் வரிசை எவ்வளவு நீளும்? ஒரேயொரு மானிட்டர் இணைப்பே சர்வரின் வேகத்தைப் பாதிக்கு மேல் குறைக்கக்கூடும் என்று ரெடிஸின் சொந்த ஆவணமே எச்சரிக்கிறது. சோதனைக் கணினியில் அருமையான கருவி. ஓடும் சர்வரில் சில விநாடிகள் போட்டு எடுத்துவிட வேண்டும். ஜன்னலைத் திறந்தபடி விட்டுவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது.

புரொஃபைலர் கதையும் இதேதான், காரணம்தான் வேறு. அது நிகழ்வுகளைத் தன் ஜன்னலுக்கு இழுத்துக் காட்டுகிறது. ஜன்னல் திறந்திருக்கும் கணினி மெதுவானதாக இருந்தால், நிகழ்வைக் கொடுத்து முடிக்கச் சர்வரின் இழைகளே காத்து நிற்கும். பார்க்கப்படுபவரைப் பார்ப்பவர் தாமதப்படுத்துகிறார். மைக்ரோசாஃப்ட் 2008 பதிப்பில் "எக்ஸ்டெண்டட் ஈவென்ட்ஸ்" என்ற புதிய முறையைக் கொண்டுவந்தது. 2012 பதிப்பில் புரொஃபைலர் வழிக் கண்காணிப்பைக் கைவிடப்போவதாக அறிவித்தது. புதிய முறையின் இயல்பான ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது: இடம் நிறைந்துவிட்டால் சில நிகழ்வுகளை இழந்துவிடும், சர்வரைக் காக்க வைக்காது. கோளாறு தேடுவதற்கு இதுதான் சரியான முன்னுரிமை. ஆயிரத்தில் இரண்டு நிகழ்வு விட்டுப்போனால் விசாரணை கெடாது. விசாரிக்க வந்தவரால் உற்பத்தி நின்றால் கெட்டுப்போகும். இத்தனை ஆண்டு கழித்தும் நம் ஊரில் பலர் புரொஃபைலரைத்தான் திறக்கிறார்கள்.

வாசல் வைத்து வடிகட்டுவது

எல்லாவற்றையும் எழுத முடியாதென்றால், குறிப்பிட்ட நேரத்தைத் தாண்டியதை மட்டும் எழுதலாம். மைஎஸ்கியூஎல்லின் மெதுக்கட்டளைப் பதிவு இதைச் செய்கிறது. இயல்பான எல்லை 10 விநாடி. மாங்கோடிபி 100 மில்லிவிநாடி வைத்திருக்கிறது. ரெடிஸின் எல்லை 10 மில்லிவிநாடி. கடைசி 128 பதிவுகளை நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸில் நாமே எல்லையைச் சொன்னால்தான் எழுதும். செலவு குறைவு, வாசிப்பது எளிது, பரவலாகப் பயன்படுகிறது.

இந்த முறை மறைப்பதைப் பற்றிப் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் எண்ணம். பில் பட்டியல் காட்டும் திரையை எடுத்துக்கொள்வோம். அது 500 பில்களை ஒரே கட்டளையில் எடுத்துவிட்டு, ஒவ்வொரு பில்லுக்கும் வாடிக்கையாளர் பெயரைத் தனித்தனியாகக் கேட்கிறது. மொத்தம் 501 கட்டளைகள். ஒவ்வொன்றும் சர்வரில் 2 மில்லிவிநாடி. பட்டறை வைஃபையில் போய்வர இன்னும் 8 மில்லிவிநாடி என்று வைத்தால் 5 விநாடி ஆகிவிடும். திரை முன்னால் இருப்பவருக்கு அது பொறுக்க முடியாத நேரம். ஆனால் எந்தக் கட்டளையும் எந்த வாசலையும் தாண்டவில்லை. மெதுக்கட்டளைப் பதிவு சுத்தமாக இருக்கிறது. "சர்வரில் பிரச்சினை இல்லை, உங்க நெட்வொர்க்கைப் பாருங்க" என்று சாஃப்ட்வேர்காரர் சொல்கிறார். புது சுவிட்ச் வாங்குகிறார்கள். பில்லையும் வாடிக்கையாளர் பெயரையும் சேர்த்துக் கேட்கும் ஒரே கட்டளையில் தீரவேண்டிய விஷயம் இது.

ரெடிஸின் மெதுப்பதிவிலும் இன்னொரு வகைக் குருட்டுப் புள்ளி உண்டு. அது கட்டளை ஓடிய நேரத்தை மட்டுமே அளக்கிறது. தன் முறைக்காக வரிசையில் நின்ற நேரத்தை அல்ல. யாராவது எல்லாச் சாவிகளையும் பட்டியலிடும் "கீஸ்" கட்டளையைப் பெரிய தரவின் மேல் போட்டால், பின்னால் நின்ற நூறு சிறு கட்டளைகளும் தாமதமாகும். பதிவில் வருவது அந்த ஒன்று மட்டும். இங்கே குற்றவாளியே மாட்டிக்கொள்கிறான் என்பது நம் அதிர்ஷ்டம். பூட்டுகள் உள்ள தரவுத்தளங்களில் இது தலைகீழாக நடக்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கூட்டிப் பார்ப்பது

501 சிறு கட்டளைகளைப் பிடிக்க வேண்டுமென்றால் தனித்தனியாகப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கூட்ட வேண்டும். கட்டளையில் உள்ள எண்களையும் பெயர்களையும் நீக்கினால் மீதி இருக்கும் வடிவம் ஒன்றேதான். அந்த வடிவம் எத்தனை முறை ஓடியது, மொத்தம் எவ்வளவு நேரம் தின்றது என்று கணக்கு வைத்தால் உண்மையான சுமை எங்கே என்று தெரிந்துவிடும். போஸ்ட்கிரெஸ் 2009-இல் வந்த 8.4 பதிப்பிலிருந்து "பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ்" என்ற நீட்சியில் இதைத் தருகிறது. மைஎஸ்கியூஎல்லின் "பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா" 5.6 பதிப்பிலிருந்து இயல்பாகவே ஓடுகிறது. பெர்கோனா நிறுவனத்தின் "குவெரி டைஜஸ்ட்" கருவி பதிவுக் கோப்பைக் கொடுத்தால் இதே கணக்கைப் போட்டுத் தரும். எஸ்கியூஎல் சர்வர் 2016-இல் வந்த "குவெரி ஸ்டோர்" இன்னும் ஒரு படி மேலே போய், ஒரே கட்டளை நேற்று எந்தச் செயல்திட்டத்தில் ஓடியது, இன்று எந்தச் செயல்திட்டத்தில் ஓடுகிறது என்றும் நினைவு வைத்துக்கொள்கிறது. சிறு பட்டறைகள் பெரும்பாலும் நம்பியிருக்கும் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பிலும் அது உண்டு.

எந்நேரமும் ஓட விடக்கூடிய அளவுக்கு இவற்றின் செலவு குறைவு. வாடிக்கையாளரின் பெயரும் எண்ணும் வடிவத்தில் இல்லாததால் அந்தரங்கமும் ஓரளவு காப்பாற்றப்படுகிறது. ஆனால் முன்பே போட்டு வைக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் நீட்சியை முதல்முறை ஏற்றுவதற்கே சர்வரை நிறுத்தித் தொடங்க வேண்டும். கோளாறு நடக்கும்போது அதைச் செய்தால் கோளாறே காணாமல் போகும்.

கூட்டிய கணக்கை எதனோடு ஒப்பிடுவது என்பது தனிக் கேள்வி. நேற்றோடு ஒப்பிடுவது பல இடங்களில் பொருந்தாது. தமிழ்நாட்டுப் பதிவுத் துறை முகூர்த்த நாட்களில் சார்பதிவாளர் அலுவலகங்களுக்குக் கூடுதல் டோக்கன் ஒதுக்குகிறது. அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் மனை வாங்குபவர்கள் தேய்பிறைச் செவ்வாயில் பத்திரம் பதியப் பெரும்பாலும் வருவதில்லை. அப்படிப்பட்ட அமைப்பில் இன்றைய முகூர்த்த நாளைப் போன முகூர்த்த நாளோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். பட்டறைக்கு மாதக் கடைசியும், ஜிஎஸ்டி கணக்குக்கு 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும். வெளிநாட்டுக் கருவிகளின் எச்சரிக்கை அமைப்புகள் வாரத்தின் நாள், மணி என்று பழக்கம் கற்றுக்கொள்கின்றன. பஞ்சாங்கத்தை நாம்தான் சேர்க்க வேண்டும்.

ஒருவரின் நேரம் எங்கே போனது

இந்தத் துறையில் சிந்தனையை மாற்றியது ஆரக்கிள் உலகம். அங்கே "10046" என்ற எண்ணுள்ள நிகழ்வு ஒன்று உண்டு. ஒரு குறிப்பிட்ட இணைப்பின் மேல் அதைப் போட்டால் அந்த இணைப்பு அனுப்பிய ஒவ்வொரு கட்டளையும், ஓடிய நேரமும் கோப்பில் எழுதப்படும். நிலை 4 வைத்தால் கட்டளைக்குள் வந்த மதிப்புகளும், நிலை 8 வைத்தால் எதற்காகக் காத்திருந்தது என்பதும், 12 வைத்தால் இரண்டும். வட்டுக்காக இவ்வளவு, பூட்டுக்காக இவ்வளவு, கிளையன்டின் அடுத்த சொல்லுக்காக இவ்வளவு என்று ஒரு பரிவர்த்தனையின் முழு நேரமும் கணக்கில் வரும்.

கேரி மில்சாப்பும் ஜெஃப் ஹோல்ட்டும் 2003-இல் எழுதிய நூல் இதை ஒரு முறையாகவே வகுத்தது. சர்வர் முழுவதன் சராசரியைப் பார்த்துக்கொண்டிருக்காதே. தொழிலுக்கு எந்தக் காரியம் வலிக்கிறதோ அந்த ஒரு காரியத்தை எடு. அதன் நேரம் எங்கே போனது என்று கணக்குப் போடு என்பது அதன் சாரம். கேட்க எளிமையாக இருக்கிறது. அதற்கு முன்புவரை வல்லுநர்கள் பலர், கேட்ட தரவு வட்டுக்குப் போகாமல் நினைவகத்திலேயே கிடைக்கும் விகிதம் 99 சதவீதம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "சர்வர் ஆரோக்கியமாக இருக்கிறது" என்று சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பில் அடிக்க முடியாதவரின் நிலைமைக்கும் அந்த விகிதத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதை மில்சாப் உரக்கச் சொன்னார்.

அதே காலத்தில் ஆரக்கிள் 10ஜி பதிப்பு, வேலையில் இருக்கும் இணைப்புகளை விநாடிக்கு ஒருமுறை மாதிரி எடுத்து வைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. இன்றைய கண்காணிப்புக் கருவிகள் பலவும் இந்த மாதிரியெடுப்பைத்தான் பின்பற்றுகின்றன. ஆரக்கிளில் அதைப் பயன்படுத்தத் தனி உரிமக் கட்டணம் உண்டு என்பதால் சிறு நிறுவனங்களுக்கு எட்டாது. கருத்துக்குக் கட்டணம் இல்லை. போஸ்ட்கிரெஸின் இணைப்புப் பட்டியலை விநாடிக்கு ஒருமுறை ஒரு அட்டவணையில் எழுதிவைக்கும் சிறு நிரலைக் கல்லூரி மாணவர்கூட ஒரு பிற்பகலில் எழுதிவிடலாம்.

கட்டளையே ஓடாத குற்றவாளி

இப்போது பூட்டுக்கு வருகிறேன். கேட்டில் லாரி நிற்கும் கதைக்கு நான் பார்த்தவரை மிகச் சாதாரணமான காரணம் இது.

ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் உள்ள தொழில்கள் 2023 ஆகஸ்ட் 1 முதல் மின்விலைப்பட்டியல் போட வேண்டும். பில்லின் விவரத்தை அரசு ஏற்ற தளத்துக்கு அனுப்பி, அது தரும் பதிவெண்ணையும் கியூஆர் குறியையும் பில்லில் அச்சிட வேண்டும். பழைய பில்லிங் மென்பொருளில் இதை அவசரமாகச் சேர்த்தபோது, நிரலர்கள் பலர் இதைப் பரிவர்த்தனையின் நடுவில் வைத்துவிட்டார்கள். நிரல் பரிவர்த்தனையைத் தொடங்குகிறது. "அடுத்த பில் எண்" இருக்கும் வரிசையை மாற்றுகிறது. அந்த வரிசை பூட்டப்படுகிறது. பிறகு இணையத்தின் வழியே தளத்துக்கு விவரத்தை அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிறது. பதில் வந்ததும்தான் பரிவர்த்தனையை முடிக்கும்.

இணையம் நன்றாக இருக்கும் நாளில் எதுவும் தெரியாது. பதில் 40 விநாடி தாமதமானால், அந்த 40 விநாடியும் பட்டறையில் வேறு யாரும் பில் எண் எடுக்க முடியாது. பத்துப் பேர் காத்திருப்பார்கள். மைஎஸ்கியூஎல்லில் இயல்பாக 50 விநாடியில் பொறுமை இழந்து பிழை சொல்லும். எஸ்கியூஎல் சர்வரும் போஸ்ட்கிரெஸும் இயல்பு நிலையில் முடிவில்லாமல் காத்திருக்கும். அதனால்தான் திரை உறைந்தே கிடக்கிறது.

நேர அளவை மட்டும் பார்ப்பவருக்கு என்ன தெரியும்? பில் எண்ணை மாற்றும் பத்துக் கட்டளைகள், ஒவ்வொன்றும் முப்பது நாற்பது விநாடி. "இந்த அப்டேட் ஸ்லோ" என்று தீர்ப்பு. ஒரே வரிசை உள்ள அட்டவணைக்கு இண்டெக்ஸ் போடுகிறார்கள், நினைவகத்தைக் கூட்டுகிறார்கள். பாதிக்கப்பட்டவர்கள்தான் பட்டியலில் இருக்கிறார்கள். பூட்டிப் பிடித்த இணைப்பின் கட்டளை ஒரு மில்லிவிநாடியில் முடிந்துவிட்டது, இப்போது அது எந்தக் கட்டளையையும் ஓட்டவில்லை, சும்மா இருக்கிறது. எந்த வாசலும் அதைப் பிடிக்காது, எந்தக் கூட்டலிலும் அது மேலே வராது.

அதைப் பிடிக்க வேறு கண் வேண்டும். போஸ்ட்கிரெஸின் பட்டியலில் அந்த இணைப்பு "ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன்" என்ற நிலையில் இருக்கும். 9.6 பதிப்பிலிருந்து, எந்த இணைப்பை எது தடுக்கிறது என்று நேரடியாகச் சொல்லும் சார்பும் உண்டு. இப்படிச் சும்மா இருப்பவரைக் குறித்த நேரத்துக்குப் பின் வெளியேற்றும் அமைப்பும் உண்டு. மைஎஸ்கியூஎல் 5.7-இலிருந்து "சிஸ்" தொகுப்பில் பூட்டுக் காத்திருப்போர் பட்டியல் கிடைக்கிறது. எஸ்கியூஎல் சர்வரில் தடைபட்ட பணிகள் பற்றிய அறிக்கையை இயக்கலாம். எத்தனை விநாடிக்கு மேல் என்று நாம் எண் கொடுக்கும்வரை அது ஊமையாக இருக்கும். இந்த எண்ணைக் கொடுக்காத சர்வர்களே ஏராளம். தளத்துக்குப் போகும் அழைப்பைப் பரிவர்த்தனைக்கு வெளியே எடுத்துவிட்டால் கோளாறு தீர்ந்தது.

பெயரில்லாத இணைப்புகள்

தடுப்பவர் 57-ஆம் எண் இணைப்பு என்று தெரிந்துவிட்டது. அது யார்? இங்கேதான் பல விசாரணைகள் நின்றுபோகின்றன. எல்லாத் திரைகளும் ஒரே பயனர் பெயரில், பெரும்பாலும் நிர்வாகியின் பெயரிலேயே, நுழைகின்றன. நடுவில் இணைப்புக் குளம் வைத்த அமைப்பாக இருந்தால் கணினியின் முகவரியும் ஒன்றாகவே தெரியும். பில்லிங்கா, ஸ்டோர்ஸா, இரவு ஓடும் அறிக்கையா, யாரோ எக்செல்லிலிருந்து நேரடியாக இழுக்கிறார்களா என்று பிரிக்க வழியில்லை.

இதற்கு மருந்து மிக மலிவு. எஸ்கியூஎல் சர்வரின் இணைப்பு வரியில் செயலியின் பெயரை எழுத இடம் இருக்கிறது. போஸ்ட்கிரெஸில் 9.0-இலிருந்து அதே வசதி. ஆரக்கிளில் எந்தப் பகுதி, எந்தச் செயல் என்று இரண்டு பெயர்கள் வைக்கலாம். பயனர் திரை மாற மாற நிரல் அவற்றை மாற்றிக்கொண்டே போகலாம். குளம் இருந்தால் கட்டளைக்குள்ளேயே குறிப்பாகத் திரையின் பெயரை எழுதி அனுப்பலாம். ஒரு வரி வேலை. மென்பொருள் வாங்கும் பட்டறை உரிமையாளர்கள் ஒப்பந்தத்தில் இந்த ஒரு நிபந்தனையை எழுதிக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஐம்பது அம்சப் பட்டியலில் அச்சு வடிவம், வண்ணம் எல்லாம் கேட்கிறோம். இணைப்புக்குப் பெயர் வை என்று கேட்பதில்லை.

கம்பியில் ஓடும் பொட்டலங்களைப் பிடித்துக் கட்டளையைப் படிக்கும் முறையும் ஒரு காலத்தில் செல்வாக்காக இருந்தது. மைஎஸ்கியூஎல்லின் 3306-ஆம் போர்ட்டில் வருவதைப் பிடித்து டைஜஸ்ட் கருவிக்குக் கொடுத்தால் சர்வரைத் தொடாமலே கணக்கு கிடைத்தது. இப்போது இணைப்புகள் மறையாக்கத்தோடு வருவதால் அந்த வழி சுருங்கிவிட்டது. லினக்ஸ் கருநிலையில் ஆய்வுப் புள்ளி வைத்துப் பார்க்கும் புதிய கருவிகள் அந்த இடத்துக்கு வருகின்றன. பட்டறை அளவுக்கு அவை தேவைப்படா.

கேட்கக் கூடாததும் கேட்கும்

கட்டளைகளைப் பதிவு செய்பவர் கட்டளைக்குள் இருப்பதையும் பதிவு செய்கிறார். 2018 மே மாதம், தங்கள் உள்பதிவு ஒன்றில் கடவுச்சொற்கள் மறையாக்கம் இல்லாமல் எழுதப்பட்டுவிட்டதாக டுவிட்டர் அறிவித்து, 33 கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே நடந்தது. போஸ்ட்கிரெஸில் பயனரின் கடவுச்சொல்லை மாற்றும் கட்டளையை வெறும் எழுத்தில் அனுப்பினால், எல்லாவற்றையும் எழுதும் பதிவில் அதுவும் அப்படியே விழும்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி மருத்துவமனைகளும் மருத்துவக் கல்லூரிகளும் நிறைய. அப்படி ஓரிடத்தில் ஒரு மணி நேரம் முழுப்பதிவு போட்டால், நோயாளிகளின் பெயரும் நோயும் பரிசோதனை முடிவும் வெறும் எழுத்துக் கோப்பில் இருக்கும். ஆவடியில் 1961-இல் நிறுவிய கனரக வாகனத் தொழிற்சாலையும், 2021 அக்டோபர் முதல் அது சேர்ந்திருக்கும் கவச வாகன நிறுவனத்தின் தலைமையகமும் இருக்கின்றன. பாதுகாப்புத் துறைக்குப் பாகம் செய்யும் சிறு பட்டறை ஒன்றின் கட்டளைப் பதிவில் பாக எண்ணும் அளவும் எண்ணிக்கையும் இருக்கும். "அந்த ஃபைலை வாட்ஸ்அப்ல அனுப்புங்க, பார்க்கிறேன்" என்பது சாஃப்ட்வேர்காரரின் வழக்கமான கோரிக்கை. அனுப்பக் கூடாது. கூட்டல் கணக்கில் மதிப்புகள் நீங்கியிருக்கும். முதலில் அதைத்தான் அனுப்ப வேண்டும். முழுப்பதிவு தவிர்க்க முடியாதென்றால் ஒரு இணைப்புக்கு மட்டும், சில நிமிடத்துக்கு மட்டும் எடுத்து, அங்கேயே படித்து அழிக்க வேண்டும்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட நெறிமுறை, கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. குறிப்பிட்ட வகைச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. எல்லாக் கணினிகளின் கடிகாரங்களையும் அரசின் நேர சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும் என்ற அதன் நிபந்தனை, கோளாறு தேடுபவருக்குக் கிடைத்த வரம். பில்லிங் கணினியின் கடிகாரம் மூன்று நிமிடம் முந்தியும் சர்வர் கடிகாரம் பிந்தியும் இருந்தால், எந்தத் திரையின் எந்தச் சொடுக்கு எந்தக் கட்டளையானது என்று சேர்த்துப் பார்க்கவே முடியாது.

கோளாறு தேடும் கண்காணிப்பையும் தணிக்கைத் தடத்தையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றத்தின் தடமும் பதிவாக வேண்டும், அதை அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும். தணிக்கையாளர்கள் இதைப் பற்றித் தங்கள் அறிக்கையில் சொல்ல வேண்டும். மென்பொருளைச் சுற்றிக்கொண்டு தரவுத்தளத்திலேயே நேரடியாக மாற்றினால் தடம் இருக்கிறதா என்றும் அவர்கள் கேட்கிறார்கள். அங்கே ஒரு வரிகூட விட்டுப்போகக் கூடாது. அதற்காகச் சர்வர் சற்றுக் காத்திருந்தாலும் சரி. கோளாறு தேடும் கண்காணிப்பில் விட்டுப்போகலாம், காக்க வைக்கத்தான் கூடாது. இரண்டையும் ஒரே பதிவால் முடித்துவிடலாம் என்று நினைக்கும் இடங்களில் இரண்டும் அரைகுறையாக நிற்கின்றன. தணிக்கைக்குத் தரவுத்தளங்கள் தனி வசதி வைத்திருக்கின்றன, அதைப் போட வேண்டும்.

பார்க்க ஆள் வேண்டும் என்ற இடத்துக்கே வருகிறேன். ஆவடியில் முருகப்பா பாலிடெக்னிக் இருக்கிறது, அம்பத்தூரில் அரசு ஐடிஐ இருக்கிறது, சுற்றிலும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. தரவுத்தளப் பாடத்தில் பரிவர்த்தனையும் இருகட்டப் பூட்டும் முட்டுக்கட்டையும் உண்டு. மாணவர்கள் அவற்றைப் படம் வரைந்து மதிப்பெண் வாங்குகிறார்கள். ஓடும் சர்வரில் ஒரு பூட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. ஆய்வகத்தில் இதற்கு ஒரு கணினி போதும், மென்பொருள் இலவசம். முதல் ஜன்னலில் ஒரு மாணவி பரிவர்த்தனையைத் தொடங்கி "அடுத்த பில் எண்" வரிசையை மாற்றிவிட்டு, முடிக்காமல் விடட்டும். இரண்டாவது ஜன்னலில் இன்னொருவர் அதே வரிசையை மாற்ற முயன்று உறைந்து நிற்கட்டும். மூன்றாவது ஜன்னலில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு நிபந்தனை: ரீஸ்டார்ட் கூடாது, முதல் ஜன்னலைப் பார்க்கக் கூடாது. தடுக்கும் இணைப்பின் எண்ணையும், அது எந்தச் செயலியின் பெயரில் வந்தது என்பதையும், கடைசியாக அது ஓட்டிய கட்டளையையும் அவர் எழுதிக் கொடுக்க வேண்டும்.